மெர்சோவும் பெயரில்லாதவனும்: கேள்வி பதில்

கே: ‘அந்நியன்’ நாவலை எழுதிய பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு இருத்தலியல்வாதிதானே, அதாவது வாழ்வின் பொருளை மனிதன் தானே உருவாக்குகிறான் என்பவர்தானே?

ப: இல்லை. 1945-இலேயே ஒரு நேர்காணலில் மறுத்துவிட்டார். தன் பெயரையும் இருத்தலியல் தத்துவவாதி சார்த்தரின் பெயரையும் சேர்த்துச் சொல்வது இருவருக்குமே வியப்பளிக்கிறது என்றார். மேற்கோள் படங்களைப் பார்த்துத் தத்துவம் கற்காதீர்கள்.

கே: ‘அந்நியன்’ நாவலில் ஓர் அராபியனைச் சுட்டுக் கொன்றதற்காக விசாரிக்கப்படுபவன் மெர்சோ. அம்மா இறந்தும் அழாத அவன் கல்நெஞ்சக்காரனா?

ப: பிணத்தருகே அவன் பால் விட்ட காப்பி குடித்தான், சிகரெட் பிடித்தான். அடக்கம் முடிந்த மறுநாள் தோழி மரியுடன் கடலில் நீந்திவிட்டு நகைச்சுவைப் படத்துக்குப் போனான். நீதிமன்றத்தில் முதியோர் இல்லக் காவலாளி, காப்பியைக் கொடுத்தது தானே என்று கூச்சத்தோடு ஒப்புக்கொள்கிறான். அந்நியன் கொடுக்கலாம், மகன் மறுத்திருக்க வேண்டும் என்று அரசு வழக்கறிஞர் அதையும் மடக்கிவிடுகிறார். கொலை வழக்கில் காப்பிக்கு விசாரணை! மெர்சோ துக்கத்தை நடித்துக் காட்ட மறுக்கிறான், அவ்வளவுதான். 1955-இல் எழுதிய முன்னுரையில் காம்யுவும் அவனைப் பொய் சொல்ல மறுப்பவன் என்றே சொல்கிறார்.

கே: அலுவலகத்தில் யாரோடும் ஒட்டவில்லை. இதுதான் அந்நியமாதலா?

ப: தனிமை வேறு, அந்நியமாதல் வேறு. 1844 கையெழுத்துப் படிகளில் மார்க்ஸ் சொல்வது, தொழிலாளி செய்த பொருளே அவனுக்கு எதிரே அந்நியமாக நிற்பதைப் பற்றி. தூக்கம் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள், நாவல் உதவாது.

கே: காஃப்காவின் ‘உருமாற்றம்’ கதையில் கிரகர் கரப்பான்பூச்சியாகத்தானே மாறுகிறான்?

ப: மூலத்தில் அப்படித் திட்டமாக இல்லை. அந்தப் பூச்சியை அட்டையில் வரையவே கூடாது என்று 1915-இல் காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதமே எழுதினார்.

கே: மெர்சோ சுட்ட அராபியனுக்குப் பெயர்கூட இல்லையே?

ப: இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். இறந்தவனுக்கு மட்டுமா? மெர்சோவின் அண்டைவீட்டு நண்பன் ரேமோன் அடித்த அராபியப் பெண்ணுக்கும் பெயரில்லை. முதியோர் இல்லத்து அராபியச் செவிலிக்கும் இல்லை. ஐரோப்பியரான உணவக முதலாளி செலெஸ்துக்கு இருக்கிறது. அல்ஜீரிய எழுத்தாளர் கமெல் தாவூது 2013-இல் இறந்தவனுக்கு மூசா என்று பெயரிட்டு, தம்பியின் வாயால் ஒரு நாவலே எழுதினார்.

கே: அப்படியானால் காம்யு காலனியவாதிதானே? (அதே வாசகர்)

ப: அவசரப்படாதீர்கள். 1939-இல், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவின் கபிலியா பகுதியின் வறுமையை நேரில் கண்டு தொடர் கட்டுரைகள் எழுதியவர் அவர்.

கே: அறிந்தும் பெயர் தரவில்லையென்றால் குற்றம் கூடுகிறதே? (மறுபடியும் அவரே)

ப: கூடுகிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் கதை சொல்பவன் மெர்சோ. அவன் பார்வையில் விழாதது பக்கத்திலும் விழாது. முதல் குண்டுக்குப் பிறகு ஏன் நிறுத்தி, அசையாத உடல்மேல் மேலும் நான்கு முறை சுட்டாய் என்று விசாரணை நீதிபதி கேட்கிறார். அவனிடம் பதில் இல்லை. நாவல் அந்த மௌனத்தை மறைக்கவில்லை. அது விமர்சனமா, பழக்கமா? இருபது வருடங்களாக இரு பக்கமும் சாய்ந்துகொண்டிருக்கிறேன்.

கே: காம்யு இருத்தலியல்வாதியா?

ப: முதல் பதில்.

கே: சார்த்தரும் அவரும் ஏன் பிரிந்தார்கள்?

ப: 1952, ஒரு மதிப்புரைச் சண்டை. தனியாகக் கேளுங்கள்.

கே: எங்கிருந்து தொடங்கலாம்?

ப: வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக மொழிபெயர்த்த ‘அந்நியன்’. மேற்கோள் படங்களிலிருந்து மட்டும் வேண்டாம்.