பழைய கட்டடம் என்று சொல்லி வீல்சேரைத் திருப்பி அனுப்பலாமா?

கேள்வி: பக்கவாதம் வந்தபின் என் அம்மா சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். பிறந்த ஊர் திருவாலங்காடு. அந்த ஊர் நடராசர் செப்புத் திருமேனி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருப்பதால், ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். போன வருடம் வேறொரு அருங்காட்சியகத்தில், ‘புராதனக் கட்டடம், சாய்தளம் போட முடியாது’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாற்றுத்திறனாளி அட்டை இருந்தால்தான் வசதி கேட்க முடியும், 4,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?
– வாசகி, திருவள்ளூர் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். ஒரு ரூபாய்கூட வேண்டாம்.

சாய்தளத்தில் ஏறவும் கழிப்பறைக்குப் போகவும் எந்த அட்டையும் தேவையில்லை. படி ஏற முடியாத எவருக்கும் அந்த வசதி பொது. பஸ் பாஸ், உதவித்தொகை, கட்டணச் சலுகை போன்றவற்றுக்குத்தான் அட்டை. அதுவும் உங்கள் அம்மாவுக்குக் கிடைக்கக்கூடியதே. யூடிஐடி எனப்படும் அந்த மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு அரசின் ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் கட்டணமில்லாமல் நீங்களே விண்ணப்பிக்கலாம். பரிசோதித்து, பாதிப்பு எத்தனை சதவீதம் என்று எழுதுவது அரசு மருத்துவர். நடுவில் இன்னொரு ஆளுக்கு வேலையே இல்லை.

இந்தத் தரகர்களை அரசு ஆஸ்பத்திரி வாசல்களில் வருடக்கணக்காகப் பார்த்து வருகிறேன். ‘40 சதவீதத்தை 75 ஆக்கித் தருகிறேன்’ என்பார்கள். பொய்ச் சான்றை வைத்துச் சலுகை வாங்கினால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம்வரை அபராதம் என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது. மாட்டிக்கொள்வது அட்டையில் பெயர் உள்ளவர்தான், தரகர் அல்ல. சான்று கொடுக்கும் முகாமில் வரிசையில் நிற்கிற முதியவருக்கு உட்கார நாற்காலியும் சரியான தகவலும் கொடுத்திருந்தால் இந்த ஆட்களுக்குப் பிழைப்பே இருந்திருக்காது. அதைச் செய்ய யாருக்கும் மனமில்லை.

சரி, ‘புராதனக் கட்டடம்’ என்ற பதிலுக்கு வருவோம். பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றையும், விதிகள் வந்த ஐந்து ஆண்டுக்குள் எல்லோரும் அணுகும்படி மாற்ற வேண்டும் என்பது அதே சட்டத்தின் 45ஆம் பிரிவு. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு முடிந்து எத்தனை காலம் ஆகிறது பாருங்கள்! கட்டடங்களை அணுகும்படி அமைப்பதற்கான தரங்கள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

பழைய கல்லை உடைக்கக் கூடாது, சுவரில் துளை போடக் கூடாது என்பது நியாயம். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் படிமேல் சாத்திவைத்து, வேலை முடிந்ததும் எடுத்துவிடுகிற மரச் சாய்தளத்துக்கு எந்தக் கல்லை உடைக்க வேண்டும்? 2001இல், சக்கர நாற்காலியிலேயே இருந்த ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லி வந்தபோது குதுப் மினார், ஜந்தர் மந்தர் போன்ற இடங்களில் அப்படித்தான் மரச் சாய்தளம் போட்டார்கள். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானிக்கு முடிந்தது உங்கள் அம்மாவுக்கு ஏன் முடியாது? குறுகலான பழைய மாடிப்படி மட்டுமே உள்ள மேல்தளம் என்றால் உண்மையிலேயே சிரமம்தான். அப்போதும் மேலே உள்ளவற்றைப் படமாகவோ வீடியோவாகவோ கீழேயே காட்டலாம். வாசற்படிக்கு அந்தச் சாக்குச் செல்லாது.

அடுத்து, ‘சாய்தளம் இருக்கிறது’ என்று சொன்னவுடன் நம்பிவிடாதீர்கள். ஓர் அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படி மூன்று இருந்தால் பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். பல இடங்களில் ஆறடிப் பலகையைச் செங்குத்தாகச் சாத்தி, பக்கத்தில் நீல ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறார்கள். அதில் ஏற்றினால் நாற்காலி பின்னால் சாய்ந்து ஆள் விழுந்துவிடும். ‘நாலு பேர் சேர்ந்து தூக்கிவிடுகிறோம் அம்மா’ என்றாலும் சம்மதிக்காதீர்கள். பக்கவாதம் வந்தவருக்குப் பிடிமானம் ஒரு பக்கம்தான் இருக்கும். இறங்கும்போது நாற்காலியைத் திருப்பி, அம்மாவின் முதுகு பள்ளத்தைப் பார்க்கும்படி வைத்துப் பின்னோக்கி இறக்குங்கள்.

எழும்பூரில் ஒரே கட்டடம் இல்லை. ஒரு வளாகத்துக்குள் தனித்தனிக் கட்டடங்கள். செப்புத் திருமேனிகளுக்குத் தனிக்கூடம். அதனால் முந்தின நாளே போன் செய்து, ‘சாய்தளம் இருக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்காமல், செப்புத் திருமேனிக் கூடத்துக்கு எந்த வாசல் வழியாக வீல்சேர் போகும், எத்தனை படி, வாசல் எத்தனை அங்குல அகலம் என்று கேளுங்கள். உங்கள் நாற்காலியின் அகலத்தை, சக்கரத்தைக் கையால் தள்ளும் வெளிவளையத்தோடு சேர்த்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கழிப்பறைச் சாவி யாரிடம் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். மாற்றுத்திறனாளிக் கழிப்பறையைப் பூட்டி, உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் அடுக்கிவைப்பது நம்மூர் வழக்கம்.

போன வருடம் திருப்பி அனுப்பிய இடத்தை அப்படியே விடாதீர்கள். படியை அளவு டேப்போடு போட்டோ எடுத்து, தேதியும் நடந்ததும் எழுதி, மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வெள்ளைத்தாள் போதும், வக்கீல் தேவையில்லை. மனு எழுதித் தருகிறேன் என்று காசு கேட்டு யாராவது வருவார், அவரையும் அனுப்பிவிடுங்கள்.

அப்புறம், எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வேறு நாளில் கிளம்புங்கள்.