வரப்பில் அடித்தது நல்ல பாம்பு இல்லை; கொட்டகையில் கிடந்த சட்டைதான் கவலை

கேள்வி: நெல் அறுவடை நெருங்குகிறது. போன வாரம் வரப்பில் ஆறடிக்கு மேல் நீளமான ஒரு பாம்பை நல்ல பாம்பு என்று ஆட்கள் அடித்துவிட்டார்கள். மோட்டார் கொட்டகையில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. எருக்குழியைக் கிளறினால் மண்புழு மாதிரி ஒன்று பாம்பு போல நெளிந்து ஓடுகிறது. தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சோப்பு நுரை போல ஏதோ ஒட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். எது ஆபத்து, எது இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது ஐயா?

பதில்: முதலில் அடிபட்டதைப் பார்ப்போம். அது சாரை. படத்தைப் பெரிதாக்கி வாய்ப் பக்கம் பாருங்கள். உதட்டுச் செதில்களுக்கு நடுவே பேனாவால் கீறியது போலக் கறுப்புக் கோடுகள் தெரியும். கண் பெரியது, கழுத்து ஒடுங்கியிருக்கும். நல்ல பாம்புக்கு இந்த உதட்டுக் கோடு கிடையாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் இருக்கும், தொண்டையின் அடியில் கறுப்புப் பட்டை இருக்கும். நல்ல பாம்பு கழுத்தை விரித்துப் படமெடுக்கும்போது தெரியும் கண்ணாடிக் குறியை மட்டும் நம்பாதீர்கள். சில நல்ல பாம்புகளுக்கு அது மங்கியிருக்கும், சிலவற்றுக்கு இருக்கவே இருக்காது. மிரண்டால் சாரையும் கழுத்தை உப்ப வைத்துச் சீறும். உங்கள் ஆட்கள் ஏமாந்தது அதில்தான்.

சாரை ஆண், நல்ல பாம்பு பெண், இரண்டும் இணை சேரும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். இல்லை. சாரையிலேயே ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பின்னிப் பிணைந்து எழும்பி நிற்பவை பெரும்பாலும் சண்டையிடும் இரண்டு ஆண் சாரைகள். கதிர் முற்றும் நேரத்தில் எலி வளைக்குள் நுழைந்து வேலை பார்ப்பதும் இந்தச் சாரைதான்.

இப்போது அந்தச் சட்டை. இதுதான் எனக்குக் கவலை தருகிறது. சட்டையில் நிறம் பெரிதாகத் தெரியாது. செதிலின் அமைப்பு மட்டும் அப்படியே பதிந்திருக்கும். முதுகின் நடுக்கோட்டில் ஓடும் ஒரு வரிசை, பக்கத்துச் செதில்களைவிடப் பெரிதாக, ஆறு மூலையோடு இருக்கிறது பாருங்கள். கட்டுவிரியன், கொம்பேறிமூக்கன் போன்ற சிலவற்றுக்கு நடுமுதுகில் இப்படிப் பெரிய செதில் உண்டு. பிரித்துப் பார்க்க வாலின் அடிப்பக்கத்தைத் திருப்ப வேண்டும். கொம்பேறிமூக்கனுக்கு அங்கே செதில்கள் இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். கட்டுவிரியனுக்கு, வயிற்றில் உள்ளது போலவே, பிரியாத ஒற்றைப் பட்டைகள் வால் நுனி வரை போகும். உங்கள் மூன்றாவது படத்தில் ஒற்றைப் பட்டைதான் தெரிகிறது. கட்டுவிரியன்.

இன்னொன்று. பாம்பு சட்டையைக் காலுறை கழற்றுவது போல உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்கும். அதனால் சட்டையின் வால் நுனி காட்டும் திசையில்தான் பாம்பு போயிருக்கும். உங்கள் படத்தில் அது அடுக்கி வைத்த சாக்குப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. உரித்து எத்தனை நாள் ஆனதோ, இப்போதும் அங்கேயே இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அந்தச் சாக்குகளைக் கையால் புரட்ட வேண்டாம். பகலில், நீளக் கம்பால், ஒவ்வொன்றாக.

கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவர் மீது ஏறும், புரண்டால் கடிக்கும். கடி பெரும்பாலும் வலிக்காது, தடமும் தெரியாமல் போகலாம். விடிகாலையில் வயிற்றுவலி என்று எழுந்து, அப்புறம் இமை தொங்கினால் அஜீரணம் என்று கஷாயம் போட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரவு தண்ணீர் பாய்ச்சக் கொட்டகையில் படுப்பவர்கள் கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரங்களைப் பாய்க்கடியில் செருகுங்கள்.

உயிரோடு பார்த்தால்? கறுப்பு உடலில் மெல்லிய வெள்ளை வளையங்கள், பெரும்பாலும் ஜோடி ஜோடியாக, கழுத்தை விட்டுத் தள்ளித் தொடங்கி வால் பக்கம் போகப் போகத் தெளிவாகும். வீட்டுச் சுவரேறும் வெள்ளிக்கோல் வரையனுக்கு இது தலைகீழ்: கழுத்திலேயே பட்டை தொடங்கும், வால் பக்கம் மங்கிவிடும். அதற்கு விஷம் கிடையாது. நானே ஆரம்ப காலத்தில் இரண்டையும் மாற்றிச் சொல்லித் தலைகுனிந்தவன். அதனால் ஒரு நொடி பார்த்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தேகம் என்றால் விஷப்பாம்பு என்றே வைத்துக்கொண்டு விலகி நில்லுங்கள்.

அறுவடையில் கவனிக்க வேண்டியது கண்ணாடி விரியன். முதுகில் சங்கிலி கோத்தது போல முட்டை வடிவப் புள்ளிகள் மூன்று வரிசை, முக்கோணத் தலை, குக்கர் ஆவி விடுவது போன்ற சீறல். மண்ணுளியை இதுவென்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு, இதை மண்ணுளி என்று நினைத்துக் கையில் எடுத்தவர்களும் உண்டு. மண்ணுளியின் திட்டுகள் ஒழுங்கில்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும், கண் கடுகளவுதான், வால் மொட்டை. அரிவாளோடு குனிவதற்கு முன் கம்பால் தாளைத் தட்டச் சொல்லுங்கள். முழங்கால் உயரக் காலணி இருந்தால் இன்னும் நல்லது.

கடி பட்டால் அடையாளம் காணப் பாம்பைத் துரத்த வேண்டாம். இங்கே கொடுக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்தே தயாரானது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடி என்று சந்தேகம் வந்தால், ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் அசையாமல் வைத்து, உறைகிறதா என்று மருத்துவரே பார்த்துக்கொள்வார். கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் கொண்டு போங்கள்.

எருக்குழியில் இருப்பது புழுப்பாம்பு. மண்புழுவுக்கு வளையமும் ஈரப் பசையும் இருக்கும். இதற்குப் பளபளவென்று செதில், நுணுக்கமாக நாக்கும் நீட்டும். காதுக்குள் போகும் என்பதெல்லாம் பேச்சுதான். எறும்பு, கரையான் முட்டைகளைத் தின்னும். இந்த இனத்தில் எல்லாமே பெண், ஆண் இல்லாமலே பெருகும்.

தொட்டிச் சுவரில் உள்ளது மரத்தவளையின் நுரைக்கூடு. உள்ளே முட்டைகள். சில நாட்களில் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் நேராகத் தண்ணீரில் விழும். தேரை என்றால் முட்டை தண்ணீருக்குள்ளேயே கறுப்பு மணி கோத்த நூல் போல நீளமாகக் கிடக்கும். இரண்டையும் சுரண்டிவிடாதீர்கள், வளர்ந்தபின் வயலில் பூச்சி பிடிக்க வருபவை இவைதான். மருந்துத் தெளிப்பானைக் கழுவும் தண்ணீரை மட்டும் அந்தத் தொட்டியில் ஊற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.