வீட்டு விலை இறங்கினாலும் வரி ஏன் இறங்கவில்லை?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மட்டக்களப்பு நாவற்குடாவில் சொந்த வீடு. விற்கலாமா என்று யோசித்து விலை கேட்டுப் பார்த்தேன். முன்பு சொன்ன விலைக்கு இப்போது ஒருவரும் வருவதில்லை. முன் அறையைத் தொலைபேசிக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தேன், அதுவும் 2022இல் மூடிவிட்டது. ஆனால் மாநகர சபைக்குக் கட்டும் வீட்டு வரியான சோலை வரி மட்டும் ஒரு சதம் குறையவில்லை. கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அண்ணனுக்கும் இதே கதைதான். 2022 தொடக்கத்தில் வாங்கிய வீடு இப்போது வாங்கிய விலைக்கே போகாது, வரியோ வருடா வருடம் ஏறுகிறதாம். விலை இறங்கியதைக் காட்டி வரியைக் குறைக்கச் சொல்லலாமா? குறைக்கும்வரை கட்டாமல் இருக்கலாமா? சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கும் புதிதாக ஒரு வரி வருகிறது என்கிறார்களே, அது உண்மையா?

பதில்: கட்டாமல் மட்டும் இருக்காதீர்கள். மற்றதைப் பிறகு பேசலாம். சோலை வரி நிலுவை உங்கள் பெயரோடு நிற்பதில்லை, வீட்டின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும். தவணை தப்பினால் பிடியாணைச் செலவும் சேரும். வீட்டிலுள்ள பொருட்களைக் கைப்பற்றவும், அதிலும் தீராவிட்டால் ஆதனத்தையே விற்கவும் மாநகர சபைச் சட்டத்தில் இடமிருக்கிறது. அந்த அளவுக்குப் போகிறார்களோ இல்லையோ, நீங்கள் விற்க நினைப்பவர். வாங்குபவரின் சட்டத்தரணி முதலில் கேட்பதே வரி கட்டிய பற்றுச்சீட்டைத்தான்.

சரி, விலைக்கு வருவோம். சபை உங்கள் வீட்டின் விற்பனை விலைக்கு வரி போடுவதில்லை. அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்துக்கு நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு தொகையைக் கணிக்கிறார்கள். அதுதான் வருடாந்தப் பெறுமதி. அதில் சபை தீர்மானித்த வீதம்தான் வரி. ஒரு பேச்சுக்கு வருடாந்தப் பெறுமதி 60,000 ரூபாய், வீதம் 8 என்றால் வருடத்துக்கு 4,800, காலாண்டுக்கு 1,200. காணித் தரகர் சொல்லும் விலை இந்தக் கணக்கில் எங்குமே வராது.

அந்தப் பெறுமதியும் வருடா வருடம் புதிதாகப் போடப்படுவதில்லை. அரசின் மதிப்பீட்டுத் திணைக்களம் வந்து மறுமதிப்பீடு செய்து கொடுத்தால், அடுத்த மறுமதிப்பீடு வரும்வரை சபை அதையே ஒவ்வொரு வருடமும் திரும்ப ஏற்றுக்கொண்டு போகும். ஆகவே உங்கள் வரித் துண்டில் இருப்பது இன்றைய பெறுமதி அல்ல, பழையது. 2022இல் வாடகைகளும் சாமான் விலைகளும் தலைகால் தெரியாமல் ஏறியபோதும் அது ஏறவில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். இப்போது நீங்களே போய் ‘விலை இறங்கிவிட்டது, மறுபடி மதிப்பிடுங்கள்’ என்று கேட்டால், வருபவர் இன்றைய நாவற்குடா வாடகையைப் பார்த்து எழுதுவார். வரி கூடத்தான் வாய்ப்பு அதிகம். அந்த வம்பு வேண்டாம் என்பது என் கருத்து.

அண்ணனின் விஷயத்தில் கணக்கு இன்னொரு விதம். ஒன்டாரியோ மாகாணத்தில் வீடுகளுக்கு வரி போட இன்னமும் பயன்படுத்துவது 2016 ஜனவரி 1ஆம் திகதி மதிப்பைத்தான். 2020இல் வரவேண்டிய மறுமதிப்பீடு கொவிட்டால் தள்ளிப் போனது, பிறகும் நடக்கவில்லை. ரொறன்ரோவில் வீட்டு விலை உச்சத்துக்குப் போனது 2022 பெப்ரவரியில். அண்ணன் அந்த நேரத்தில் வாங்கியிருக்கிறார், பாவம். ஆனால் அந்த ஏற்றமும் சரி, பின்னால் வந்த இறக்கமும் சரி, அவருடைய வரிப் பத்திரத்துக்குள் நுழையவே இல்லை. அதில் இருப்பது அவர் கொடுத்த விலையைவிட எவ்வளவோ குறைந்த ஒரு தொகையாகத்தான் இருக்கும். கேட்டுப் பாருங்கள்.

பிறகு ஏன் ஏறுகிறது? நகர சபை முதலில் செலவைத் தீர்மானிக்கிறது. பொலிஸ், பேருந்து, பனி அள்ளுவது, எல்லாவற்றுக்கும் எவ்வளவு வேண்டும் என்று பார்த்து, அதில் வீட்டுக்காரர்கள் கொடுக்க வேண்டியதை அவரவர் வீட்டு மதிப்பின் விகிதத்தில் பிரிக்கிறது. நம் ஊர் அம்மன் கோயில் சடங்குக்கு வரி சேர்ப்பது போலத்தான். அந்த வருடம் வேளாண்மை பொய்த்தாலும் பந்தலுக்கும் பூசைக்கும் ஆகும் செலவு ஆகத்தானே செய்யும்? எல்லா வீடுகளும் ஒன்றாக விலை இறங்கினால் ஒருவருடைய பங்கும் மாறாது. செலவு கூடினால் விலை இறங்கிய வருடத்திலும் வரி கூடும். ரொறன்ரோவில் வீட்டு வரி 2024இல் 9.5 வீதமும் 2025இல் 6.9 வீதமும் கூட்டப்பட்டது. அந்த இரண்டு வருடமும் வீட்டுச் சந்தை படுத்துத்தான் கிடந்தது.

மறுமதிப்பீடு வந்தால் வரி இரட்டிப்பாகும் என்று அங்குள்ளவர்கள் பயப்படுவதும் இதனால்தான் பொருந்தாது. ஊரின் சராசரியைவிட ஒருவருடைய வீடு கூடுதலாக ஏறியிருந்தால்தான் அவருடைய பங்கு கூடும். சராசரியைவிடக் குறைவாக ஏறியிருந்தால் குறையவும் செய்யும்.

ஆகவே ‘விலை இறங்கிவிட்டது’ என்ற வாதம் இரண்டு இடத்திலும் எடுபடாது. எடுபடுவது வேறொன்று: உங்கள் வீட்டைப் பற்றிப் பதிவேட்டில் இருப்பது தவறு என்று காட்டுவது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்ட அந்தத் தொலைபேசிக் கடை இருக்கிறதே, அங்கேதான் உங்கள் காசு கிடக்கிறது.

குடியிருப்புக்கு ஒரு வீதம், வியாபார இடத்துக்கு அதைவிடக் கூடிய வீதம் என்று சபைகள் பிரித்து வைப்பது வழக்கம். கடை நடந்த காலத்தில் உங்கள் முன் அறை வியாபார இடம் என்று பதிவாகியிருந்தால், கடை மூடியது சபைக்குத் தானாகத் தெரிய வராது. பலகையைக் கழற்றி, ஷட்டரை இழுத்து, உள்ளே பழைய தளபாடங்களைப் போட்டு வைத்திருப்பீர்கள். பதிவேட்டில் அது இன்னும் கடைதான். வரித் துண்டை எடுத்துப் பாருங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு இலக்கம் இருக்கிறதா? பழைய இலக்கத்தோடு ஏ, பி என்றோ, 1/1 என்றோ ஒட்டிக்கொண்ட ஒன்று? அப்படி இருந்தால் இரண்டாவதன் வீதம் என்ன என்று வருமானப் பிரிவில் கேளுங்கள்.

வியாபாரம் என்றே இருந்தால், மாநகர ஆணையாளருக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள். கடை எப்போது மூடியது, இப்போது அறை எதற்குப் பயன்படுகிறது, வந்து பார்வையிட்டுக் குடியிருப்பாக மாற்றித் தாருங்கள் என்று நாலு வரி போதும். வாடகை ஒப்பந்தத்தின் பிரதி, கடையின் மின் இணைப்பைத் துண்டித்த கடிதம் ஏதாவது இருந்தால் இணையுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்காமல் வெளியே வராதீர்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தது யாருக்கும் நினைவிருக்காது. மதிப்பீட்டு அறிவித்தல் வரும்போது ஆட்சேபனைக்கு ஒரு காலக்கெடு போட்டிருப்பார்கள், அதைத் தவறவிட்டால் அந்த வருடம் போனதுதான். கடைக்கு எடுத்த வியாபார உரிமம் இன்னும் யாருடைய பெயரிலாவது ஓடுகிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

அண்ணனுக்கும் இதே புத்திதான். அங்கே மதிப்பீட்டை மறுபரிசீலனை செய்யக் கேட்பதற்கு வீட்டுக்காரரிடம் கட்டணம் வாங்குவதில்லை. வீட்டின் பரப்பு, குளியலறை எண்ணிக்கை, நிலவறை கட்டி முடிக்கப்பட்டதா என்பதெல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறார்களா, பக்கத்தில் இதே மாதிரி வீடுகளுக்கு என்ன மதிப்பு போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லுங்கள். 2016 மதிப்போடுதான் வாதாட வேண்டும், தான் வாங்கிய விலையோடு அல்ல.

இங்கே உங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருடம் முழுவதற்குமான வரியை ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதக் கழிவு. காலாண்டு காலாண்டாக அந்தந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம்தான். மேலே சொன்ன 4,800 ரூபாய்க்கு முன்னது 4,320, பின்னது 4,560. வித்தியாசம் 240 ரூபாய்தான், இதற்கா இவ்வளவு என்பீர்கள். ஆனால் சராசரியாக நாலரை மாதம் முந்திக் கட்டுவதற்குக் கிடைக்கும் அந்தத் தொகை, வருடத்துக்கு 14, 15 வீத வட்டிக்குச் சமம். இப்போதைக்கு எந்த வங்கியின் நிலையான வைப்பிலும் அது கிடைக்காது. டிசம்பர் ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

கடைசியாக, சொந்த வீட்டில் குடியிருப்பவருக்குப் புதிய வரி என்று கேட்டிருந்தீர்கள். சர்வதேச நாணய நிதியத்துடனான திட்டத்தில் அப்படி ஒரு யோசனை இருந்தது உண்மை. வீட்டிலிருந்து வாடகை வருவதாக வைத்துக்கொண்டு அதை வருமானமாகக் கணக்கிடும் வரி அது. 2025 ஏப்ரலில் தொடங்கும் என்றார்கள், அந்தத் திகதியில் தொடங்கவில்லை. வந்தாலும் அது கொழும்பிலுள்ள மத்திய அரசு அறவிடும் வருமான வரி, மாநகர சபையின் சோலை வரியோடு அதற்குச் சம்பந்தமில்லை. அதை நினைத்து வீட்டை அவசரப்பட்டு விற்க வேண்டாம்.