ட்ரேசியில் வீடு வாங்குமுன்

தம்பி, ஆல்டமான்ட் மலைக்குக் கிழக்கே இருக்கும் ட்ரேசியில் வீடு வாங்கிக்கொண்டு சான் ஹோசேவுக்குத் தினமும் காரில் போய்வரலாமா, 2006-ல் சாலைகளுக்கென்று கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டுக் கடன் வாங்கினார்களாமே, நெரிசல் குறையவில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். லைசென்ஸ், பள்ளிக்கூடம் பற்றி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சாலையைப் பற்றி நான் சொல்கிறேன்.

2006-தான் நான் அமெரிக்காவில் வந்திறங்கிய ஆண்டு. விசாவும் இரண்டு பெட்டிகளும் தவிர என்னிடம் ஒன்றுமில்லை. அறையை வாடகைக்கு விட்ட பெரியவர், மாநில அரசு வாக்காளர்களுக்கு அனுப்பும் தேர்தல் கையேட்டைச் சமையலறை மேசையில் விரித்து, பென்சிலால் அடிக்கோடிட்டுப் படிப்பார். மக்கள் ஓட்டுக்கு விட்ட அந்தச் சாலைக் கடன் திட்டத்துக்கு முன்மொழிவு 1பி என்று பெயர். ஏறத்தாழ 2,000 கோடி டாலர் கடன். ஆதரவு வாதம், அதற்கு மறுப்பு, எதிர்ப்பு வாதம், அதற்கும் மறுப்பு, எல்லாம் அச்சிட்டிருந்தார்கள். அவர் இரட்டைக் கோடு போட்ட இடம், வட்டியோடு 30 ஆண்டுகளில் கட்ட வேண்டிய தொகை: சுமார் 3,900 கோடி என்று மதிப்பிட்டிருந்தார்கள். "பெட்ரோல் வரியை ஏற்றிக் கைக்காசில் போடட்டும், பேரப்பிள்ளைகள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?" என்பார். நவம்பர் 7 அன்று 61 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள்.

அந்தப் பணத்தில் வேலை நடக்காமல் இல்லை. ஓக்லாந்துக்குக் கிழக்கே கால்டிகாட் சுரங்கப்பாதையில் நான்காவது குகைவழி 2013-ல் திறந்தது. 99-ஆம் நெடுஞ்சாலைக்கு மட்டும் 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஆனால் சாலை அகலமானால், அதை நம்பி இன்னும் தள்ளி வீடு வாங்குகிறவர்களும் பெருகுகிறார்கள். விடியுமுன், ட்ரேசியிலிருந்து மேற்கே போகும் 580-ஆம் நெடுஞ்சாலையில் ஆல்டமான்ட் மேட்டில் நின்று பாருங்கள், பிரேக் விளக்குகள் மலை ஏறி இறங்கும்வரை சிவப்பாகத் தெரியும். வீட்டு விலையை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ட்ரேசி வழியாகச் சான் ஹோசேவுக்குப் போகும் ஏஸ் ரயிலின் நேர அட்டவணையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

நம் ஆட்களில் பலர், "நமக்கு ஓட்டா இருக்கிறது, இதெல்லாம் எதற்கு?" என்பார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அந்தச் சாலைக் கடனைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு மாநிலத்தின் பொது நிதிக்கு. உங்கள் சம்பளத்தில் பிடிக்கும் மாநில வருமான வரியும், கடையில் கட்டும் விற்பனை வரியில் ஒரு பகுதியும் அங்கேதான் போகின்றன. விசாவில் இருப்பவருக்கு விலக்கில்லை. ஓட்டில்லாத காலத்திலும் கையேட்டை வாங்கிப் படித்தவன் நான்.

2017-ல் பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் ஏற்றினார்கள். அடுத்த ஆண்டே அதை ரத்துசெய்ய முன்மொழிவு 6 வந்தது. அதற்குள் எனக்குக் குடியுரிமை கிடைத்திருந்தது. பெரியவர் சொன்னதை நினைத்துக்கொண்டுதான் 'வேண்டாம்' என்று குறித்தேன். ரத்து முயற்சி தோற்றது, வரி நிலைத்தது.