கையெழுத்துப் போட்ட அப்பா

அன்புள்ள ஐயா,

ஜெர்மன் ஓவியர் கேத்தே கொல்விட்ஸ் பற்றி நீங்கள் முன்பு எழுதியதை இப்போதுதான் படித்தேன். 18 வயது மகனைப் போருக்கு அனுப்பும்படி அப்பாவிடம் பரிந்து பேசியதே அந்த அம்மாதான் என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. என் அண்ணன் மகன் ராணுவத்தில் இருந்தான். எல்லையில் இறந்துபோனான். ஆள் எடுக்கும் இடத்துக்கு அவனைக் கிளப்பி அனுப்பியது அண்ணிதான். இப்போது யார் வந்தாலும் "நான்தான் போகச் சொன்னேன்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. ஊரில் அவனுக்குச் சிலை வைக்கப் பணம் சேர்க்கிறார்கள், துப்பாக்கியோடு நிற்கிற மாதிரி. அந்த அம்மா எப்படித்தான் மீண்டு வந்தார்?

பெயர் வேண்டாம், வேலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

மீண்டு வரவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் உலகப் போர் தொடங்கிய 1914 ஆகஸ்டில் நடந்தது இது. மகன் பீட்டருக்கு 21 வயது ஆகாததால் அப்பா சம்மதிக்காமல் படையில் சேர முடியாது. அப்பா கார்ல், பெர்லினில் ஏழைத் தொழிலாளர்கள் வாழும் பகுதியில் மருத்துவர். உன் வயதுக்காரர்களை நாடு இன்னும் கூப்பிடவில்லையே என்று தடுத்துப் பார்த்தார். பையன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அம்மா எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டார், அப்புறம் கணவரிடம் அவனுக்காகக் கேட்டார். கார்ல் இணங்கினார். அக்டோபரில் பையன் பெல்ஜியத்துக்குப் போனான். அதே மாதம் 22ஆம் தேதி இரவு டிக்ஸ்மெய்டே பக்கத்தில் செத்துப்போனான்.

ஏழைகளின் பக்கம் நின்று நெசவாளர் கிளர்ச்சியையும் உழவர் போரையும் வரைந்தவர் கேத்தே. அவரே அப்படிச் செய்தாரா என்று பலர் வியக்கிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. தியாகம் என்ற சொல் தெருவெல்லாம் ஒலித்த மாதங்கள் அவை. அதற்குப் பிறகு வந்த சிக்கல்தான் பெரியது. போர் வெறும் பைத்தியக்காரத்தனம் என்று இப்போது சொன்னால், அதை நம்பிப் போன பையனுக்குத் துரோகம் செய்வதாகாதா? 1916இல் நாட்குறிப்பில் அவனிடமே இதைக் கேட்கிறார். உங்கள் அண்ணி அந்த ஒரே வாக்கியத்தில் நின்றுவிடுவதற்கும் இப்படி ஏதாவது காரணம் இருக்கலாம். அவராக வேறு ஏதாவது சொல்கிறவரை ஆறுதல் சொல்லி அதை மறுக்காதீர்கள்.

கேத்தே வெளிப்படையாகப் பேச 1918 அக்டோபர் ஆனது. ஜெர்மனி தோற்கப்போகிற நேரத்தில், இன்னும் தொண்டர்கள் வேண்டும் என்று கவிஞர் ரிச்சர்ட் டேமல் அறைகூவல் விட்டார். செத்தது போதும், இனி ஒருவரும் சாகக்கூடாது என்று கேத்தே பத்திரிகையில் பதில் எழுதினார். விதைத் தானியத்தை அரைக்கக்கூடாது என்ற ஜெர்மன் கவிஞர் கெதேயின் வரியோடு அதை முடித்தார். 1942இல் அந்த வரியையே தலைப்பாக்கி, பையன்களைத் தன் கைகளுக்குள் அடக்கிக்கொள்ளும் ஒரு கிழவியை வரைந்தார். அந்த ஆண்டே பேரன் ரஷ்யப் போர்முனையில் செத்தான். சித்தப்பாவின் பெயரைத்தான் அவனுக்கு வைத்திருந்தார்கள், பீட்டர்.

இனி சிலை. கேத்தே சிற்பியும்கூட. மகன் இறந்த சில வாரங்களிலேயே நினைவுச் சின்னம் ஒன்றைத் திட்டமிட்டார். மகன் நீட்டிப் படுத்திருப்பான், தலைமாட்டில் அப்பா, கால்மாட்டில் அம்மா. வரவில்லை. 1919இல் கைவிட்டார், சில ஆண்டுகள் கழித்து மறுபடி எடுத்தார். 1932இல் மகன் புதைந்திருந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தபோது அதில் மகனே இல்லை. மண்டியிட்ட அப்பா, மண்டியிட்ட அம்மா, அவ்வளவுதான். கல்லறைகளோடு சேர்த்து அதைப் பிறகு பெல்ஜியத்திலேயே விளாட்ஸ்லோ என்ற ஊருக்கு மாற்றினார்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மொத்தம் 25,000க்கும் மேற்பட்ட ஜெர்மன் வீரர்கள் புதைந்திருக்கும் இடம்.

படத்தைத் தேடிப் பாருங்கள். அம்மா முழுக்கக் குனிந்திருக்கிறார். அப்பா நிமிர்ந்தபடி, தன் கைகளாலேயே தன் நெஞ்சை இறுக்கிப் பிடித்திருக்கிறார். ஒருவரை ஒருவர் தொடவில்லை, இரண்டும் தனித்தனிக் கற்கள். எழுதுகிறவர்கள் எல்லோரும் (நானும்தான்) அம்மாவைப் பற்றியே எழுதுகிறோம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சம்மதித்தவர் கார்ல். அவருடைய நாட்குறிப்பு எதையும் நான் படித்ததில்லை. சிலைகளை நிறுவிய நாட்களில், தன் முகம் கொண்ட அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவிக் கேத்தே அழுகிறார். பின்னால் கார்ல் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. "ஆமாம், ஆமாம்" என்று கார்ல் முணுமுணுப்பது மட்டும் கேட்கிறது. எவ்வளவு நெருக்கமாக இருந்தோம் அப்போது என்று கேத்தே எழுதி வைத்திருக்கிறார்.

ஊர் வைக்கிற சிலை ஊருடையது, துப்பாக்கியோடேயே வைக்கட்டும். திறப்பு விழா மேடையில் உட்காரச் சொல்லி அண்ணியை மட்டும் கட்டாயப்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒன்று. உங்கள் கடிதத்தில் பையன் இருக்கிறான், அண்ணி இருக்கிறார், ஊர் இருக்கிறது. அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அவன் கிளம்பியபோது அவர் என்ன சொன்னார்? கேட்டுப் பார்த்து, முடிந்தால் எழுதுங்கள்.