பழைய கார் பாலிஷ் மெஷினுக்குப் பாகம் கிடைக்கவில்லை, தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். பத்து வருடப் பழைய மெஷின், கம்பெனி பெயரே இப்போது கடைகளில் இல்லை, போன இடமெல்லாம் புதுசு வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னையும் மூன்று கடைகளில் இதையே சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அந்த மெஷின் இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பொங்கலுக்குக்கூட ஓடியது.

உங்களுடையது நேராகச் சுழலும் ரோட்டரி வகை, 7 இஞ்ச் பேட் (பாலிஷ் பஞ்சு ஒட்டும் வட்டத் தட்டு), நிமிடத்துக்கு 600 முதல் 3000 சுற்று என்று வைத்துக்கொள்கிறேன். அசைந்து அசைந்து சுழலும் டூயல் ஆக்‌ஷன் வகை என்றால் பேட் மாட்டும் மரையே வேறு. மற்றது பெரும்பாலும் அதற்கும் பொருந்தும்.

என் மெஷின் 2009ல் மச்சான் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்தது. அங்கேயும் நம்மூர் வோல்டேஜ்தான் என்பதால் கரண்ட் தொல்லை இல்லை. (அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் என்றால் 120 வோல்ட். இங்கே நேராகச் சொருகினால் புகைதான்.) ஸ்டிக்கர் தேய்ந்து மாடல் எண் போய்விட்டது. முதலில் போனது பேட். ஆன்லைனில் "எல்லா மெஷினுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்ததை நம்பி ஒன்று வாங்கினேன். ஸ்பிண்டிலில், அதாவது பேட் மாட்டும் தண்டில், வைத்துத் திருகினேன். இரண்டு சுற்றுப் போய் இறுகிவிட்டது. சரி, உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமனாரின் சான்ட்ரோ பானட்டில்தான் சோதனை. லேசாக ஆட்டம் இருந்தது, புதுப் பேட் அப்படித்தான் இருக்கும் என்று விட்டேன். ஸ்விட்சை விட்டதும் மெஷின் நின்றது, பேட் நிற்கவில்லை. ஓடின வேகத்தில் தானாகக் கழன்று, பானட்டில் குதித்து, ஹெட்லைட்டைப் பதம் பார்த்துவிட்டுத் தரையில் உருண்டது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. காப்பியை மட்டும் பாதியில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

காரணம் பிறகுதான் தெரிந்தது. என் ஸ்பிண்டில் எம் 14, அதாவது 14 மில்லிமீட்டர் விட்டம், மரைக்கு மரை 2 மில்லி. வந்த பேட் அமெரிக்க அளவு, 5/8 இஞ்ச். அது கிட்டத்தட்ட 16 மில்லி, இஞ்சுக்கு 11 மரை. பெரிய துளைக்குள் சின்ன ஸ்பிண்டில் நுழையும், இரண்டு சுற்றில் மரை மோதி இறுகும். அது பொருந்தியதற்கு அடையாளம் இல்லை, பொருந்தாததற்கு அடையாளம். சரியான பேட் கடைசி வரை கையாலேயே திருகிக்கொண்டு போகும். நம்மூரில் இரும்பு தேய்க்கும் 7 இஞ்ச் ஆங்கிள் கிரைண்டர்களில் எம் 14 தான் வழக்கம், அதனால் அந்தப் பேட் எளிதாகக் கிடைக்கும். 4 இஞ்ச் கிரைண்டருக்கான எம் 10 பேட்டை எடுத்துவிடாதீர்கள்.

அதிலிருந்து கம்பெனி பெயர் கேட்பதை நிறுத்திவிட்டேன். அளவு கேட்டேன்.

அடுத்து கார்பன், அதாவது சுழலும் மோட்டாருக்குக் கரண்டைக் கடத்தும் சின்னக் கட்டை. மெஷினுக்குள் நீலப் பொறி அதிகமானது, விட்டு விட்டு ஓடியது. தேய்ந்த கார்பனைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு பாரிமுனைக்குப் போனேன். செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரு கடையில் பெரியவர் ஒருவர் மாடல் எண்ணே கேட்கவில்லை. "இதுக்கு எதுக்குத் தம்பி மாடலு" என்று வெர்னியர் அளவுகோலை எடுத்துக் கனம், அகலம் இரண்டையும் அளந்தார். வால் கம்பி, மூடி எப்படி இருக்கிறது என்று பார்த்தார். ஒரு டப்பாவைத் திறந்து ஜோடியாகக் கொடுத்தார். அகலம் மயிரிழை கூடுதல். வீட்டில் கண்ணாடி மேல் உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கூட்டுக்குள் தாராளமாக ஏறி இறங்கும்வரை குறைத்தேன். கார்பனுக்கும் கிரேடு உண்டு, தேய்த்துப் போடக் கூடாது என்று யாராவது கீழே கமென்டில் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். கிரேடு உண்டு, தெரியும். தினம் எட்டு மணி நேரம் ஓட்டுகிறவர் அசலையே தேடுங்கள். மாதம் ஒரு கார் தேய்க்கிறவனுக்கு இது ஏழு வருடமாகப் போகிறது. ஒன்று மட்டும்: இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், மாற்றியபின் பத்து நிமிடம் சுமையில்லாமல் மெதுவேகத்தில் ஓட விடுங்கள்.

பேரிங் இன்னும் சுலபம். அதன் உடம்பிலேயே எண் இருக்கும். 608 என்றால் உள்ளே 8, வெளியே 22, கனம் 7 மில்லி. ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருப்பதும் இதே அளவுதான். 6201 என்றால் 12, 32, 10. எந்த ஊரில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவு. பாலிஷ் தூசு உள்ளே போகாமலிருக்க இரண்டு பக்கமும் ரப்பர் மூடியது கேளுங்கள், 2ஆர்எஸ் என்பார்கள்.

கியரில்தான் நான் ஏமாந்தேன். பல் தேய்ந்தது சின்னதுதானே என்று அதை மட்டும் மாற்றினேன். பழைய பெரிய கியரோடு அது ஒத்துப்போகாமல் இரண்டே வாரத்தில் அலறியது. ஜோடியாக மாற்ற வேண்டும். பல் எண்ணிக்கை, சாய்வு இடமா வலமா, துளை அளவு மூன்றும் ஒத்திருக்க வேண்டும். கிரைண்டர் கியரைப் போடாதீர்கள், வேகம் எகிறிவிடும். காரின் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற தெளிவான பூச்சு பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), ஒரே இடத்தில் சூடேறினால் பெயின்ட் போய்விடும்.

மெஷின் ஓட்டுவது என்றதும் கரண்ட் செலவு ஞாபகம் வருகிறது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர், நான் கார் நிறுத்துமிடத்து பிளக்கில் இதை ஓட்டுவதற்கு ஒரு தடவைக்கு 50 ரூபாய் கேட்கிறார். 1200 வாட் மெஷின் ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடினாலும் 1.2 யூனிட். கணக்குப் போட்டுக் காட்டினேன். "பொதுச் சொத்து சார்" என்றார். அவர் வீட்டுச் செருப்பு அலமாரி மாடிப்படி முழுக்க அடைத்துக்கொண்டிருக்கிறதே, அது யார் சொத்து? சரி, விடுங்கள்.

கடைக்கு போட்டோ கொண்டு போகாதீர்கள், கழற்றிய பாகத்தையே கொண்டு போங்கள். ஆர்மேச்சர் (மோட்டாருக்குள் சுழலும் காயில் சுற்றிய பாகம்) எரிந்து வார்னிஷ் வாசனை வந்தால் மட்டும் யோசியுங்கள். காயில் கட்டுகிறவரிடம் விலை கேளுங்கள். புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். அப்போதும் கியரும் ஸ்பிண்டிலும் இருக்கும் முன்தலையைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், எம் 14 என்றால் எனக்குச் சொல்லுங்கள்.