ரெக்கார்டில் கீறல் சத்தம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: அப்பாவின் எல்.பி. (நீண்ட நேரம் ஓடும் வினைல்) தட்டுகளை நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்து கணினிக்கு மாற்றினேன். "டிக் டிக் சத்தமெல்லாம் எடுத்தாச்சு" என்று எம்பி3 மட்டும் தந்தார்கள். தவில் துணி போட்டு மூடிய மாதிரி கேட்கிறது. முதல் பதிவை அழித்துவிட்டார்களாம்.
- தக்கலை வாசகர்

ப: தப்பு உங்களுடையது இல்லை. மென்பொருள், ஒலி அலையில் திடீரென எழும் கூர்முனையைத் தேடி வெட்டி, இரு பக்கத்து அலையையும் பார்த்து அந்த இடத்தை நிரப்புகிறது. தவிலின் முதல் அடியும் அதன் கணக்கில் கூர்முனைதான். கூர்முனையைத் தேடும் அளவைக் கூட்டி வைத்து மொத்தத் தட்டையும் ஒரே ஓட்டில் விட்டால், கீறலோடு அடியும் போகும். பொறுப்பாகச் செய்கிறவர், அசலின் ஒலி அலையை மேல்கீழாகப் புரட்டி, சுத்தம் செய்ததோடு கலந்து கேட்பார். நீக்கிய சத்தம் மட்டும் மிஞ்சும். அதில் தாளம் கேட்டால் அளவைக் குறைக்க வேண்டும். கடையில் எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்?

எனக்குத் தீராத ஆத்திரம் இந்த விஷயத்தில்தான். காசு வாங்கும் எவரும், கை வைக்காத பதிவை 24 பிட் வேவ் (சுருக்காத ஒலி) கோப்பாகக் கூடவே தர வேண்டும். அது இருந்தால் நாளைக்கு நல்ல மென்பொருள் வரும்போது மறுபடி சுத்தம் செய்யலாம். எம்பி3-யில் விட்டுப்போனது திரும்பி வராது. தட்டு கொடுக்கும்போதே இதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

தட்டுகள் கையில் இருக்கின்றனவா? மறுபடி பதியச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 2 வருடத்துக்குள் போக வேண்டும், நீங்கள் கொடுத்த காசு 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை.

கே: விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டுமா?
- மார்த்தாண்டம் வாசகி

ப: வேண்டாம். ஆடாசிட்டி இலவசம். தனியாகத் தெறிக்கும் சத்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, 'ரிப்பேர்' கொடுங்கள். ஒரு தடவைக்கு 128 சாம்பிள் (ஒலியை அளந்த புள்ளி)தான், ஏறக்குறைய 3 மில்லி செகண்ட்.

கே: தாத்தா வைத்திருந்த கலைவாணரின் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும்) தட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, புது யுஎஸ்பி பிளேயரில் ஓட்டினேன். ஒரே இரைச்சல். எந்த மென்பொருள் நல்லது?
- வடசேரி வாசகர்

ப: எதுவும் உதவாது. பழைய 78 தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் அதைக் கரைக்கும். யாரிடமாவது கேட்டுவிட்டுத் துடைத்திருக்கலாமே! எல்.பி. ஊசியும் அதற்கு ஆகாது; 78-இன் பள்ளம் அதைவிட அகலம், 3 மில் ஊசி வேண்டும் (மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிளேயர் வாங்கும்போது இதைக் கேட்டீர்களா? மிச்சத் தட்டுகளையாவது தொடாமல் வையுங்கள்.

கே: மழைக்காலம் கழிந்து எடுத்தால் எல்.பி. முழுக்கப் பூஞ்சை. பொரிகிற சத்தம்.
- குளச்சல் வாசகர்

ப: நம் ஊருக்கு இரண்டு பருவமழையும் உண்டு, கடல் காற்று வேறு. முதலில் கழுவுங்கள், பிறகு பதியுங்கள். டிஸ்டில்டு வாட்டரில் ஒரு துளி பாத்திர சோப்பு, மென்மையான பிரஷ், பள்ளத்தின் போக்கிலேயே. லேபிள் நனையக் கூடாது. வெறும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, நிழலில் காய விடுங்கள். ஸ்பிரே வாங்காதீர்கள். எனக்கு ஒருவர் விற்ற ஸ்பிரேயில் என்ன கலந்திருக்கிறது என்றே எழுதவில்லை. அது பள்ளத்தில் பிசுபிசுப்பாகப் படிந்து ஊசியில் ஒட்டியது. அந்தக் காசு போனது போனதுதான்.

கே: மலிவு சூட்கேஸ் பிளேயரில் பதியலாமா?
- குழித்துறை வாசகர்

ப: கூடாது. பலவற்றில் ஊசியின் அழுத்தம் அதிகம், தட்டு தேயும்.